ஜெகபர் அலி எடுத்த கறுப்பு வெள்ளை இட்லி

என் புருஷன் ஜெகபர் அலி மச்சானுக்குச் சாப்பாட்டைப் படம் எடுப்பதுதான் தொழில். திருச்சி ஓட்டல் மெனு கார்டுகளில் பளபளக்கிற பிரியாணியும் பரோட்டாவும் பாதிக்குப் பாதி அவர் எடுத்தவை. நான் ஆக்கிப் போட்ட குழம்பை மட்டும் ஒருநாளும் எடுத்ததில்லை மனுஷர். "உன் ஆணத்துக்கு எந்த லைட்டும் போதாது வஹீதா" என்பார். வாய்க்கொழுப்பு!

போன வருஷம் அவருக்கு டிபி வந்தது. ஆறு மாதம் மாத்திரை. கொஞ்ச நாளில் அடுத்தவருக்கு ஒட்டுவது நின்றுவிடும் என்றார் டாக்டர். நின்றால் என்ன? ஒரு ஓட்டல்காரர் காதில் விழுந்தால் அடுப்படிப் பக்கம் விடுவாரா? புத்தூரில் ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்த முகம் தென்பட்டால்கூட "மாமிக்குச் சுகமில்லை, பார்க்க வந்தோம்" என்று புளுகுவோம். அந்தப் பயத்தில், "நிறம் மங்கினா அன்னைக்கே வந்துடுங்க, ஒரு மாத்திரை சில பேருக்குக் கண்ணைத் தாக்கும்" என்று டாக்டர் சொன்னது என் மண்டையில் ஏறவே இல்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், பாவி.

நாலாம் மாதம் திடீரென்று எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் எடுக்கத் தொடங்கினார். திருவானைக்காவலில் மெஸ் நடத்தும் பீமராவுக்கு முதலில் கோபம். "என்ன பாய், சாம்பார் சாணி கரைச்ச மாதிரி இருக்காது?" என்றார். படத்தைப் பார்த்ததும் இன்னும் நாலு எடுக்கச் சொன்னார். இட்லியில் ஒவ்வொரு துளையும் தெரிந்தது. ஆவி எழுந்து நின்றது. தோசை ஓரத்து முறுகலைப் பார்த்து எனக்கே நாக்கு ஊறியது. "நிறம் இருந்தா கண்ணு சட்னியிலயே நின்னுடும். நிறம் போனாத்தான் சூடும் மொறுமொறுப்பும் தெரியும்" என்று மச்சான் விளக்கினார். ஸ்ரீரங்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் கேட்டு வந்தார்கள். நானும் தெருவெல்லாம் பெருமையடித்தேன்.

பிறகு பீமராவ் போர்டுக்கு ஒரே ஒரு கலர் படம் கேட்டார். அன்று சாயங்காலம் மச்சான் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் கூப்பிட்டார்.

"இதுல எது தக்காளி சட்னி, எது புதினா? சொல்லு."

"என்ன மச்சான், நக்கலா?"

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணாத் தெரியுது வஹீதா. சேறு மாதிரி. ஒரு மாசமா."

யா அல்லாஹ்! "ஒரு மாசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"மாத்திரையை நிறுத்துனா இருமல் திரும்பும். இருமுனா எவன் உள்ள விடுவான்? கறுப்பு வெள்ளையில யாருக்கும் தெரியல, சமாளிச்சிடலாம்னு பார்த்தேன்."

கண் போனபின் படம் எடுப்பாராம்! திட்டிக்கொண்டே அழுதேன்.

மறுநாள் காலையிலேயே ஓடினோம். டாக்டர் அந்த ஒரு மாத்திரையை மட்டும் நிறுத்தினார். "நிறம் திரும்பலாம். லேட்டா வந்திருக்கீங்க, உறுதியாச் சொல்ல முடியாது. வீட்டுல தினமும் சோதிச்சுப் பாருங்க."

அன்றிலிருந்து விடிந்ததும் அவர் முன்னால் இரண்டு கையையும் நீட்டுவேன். ஒன்றில் சிவப்புக் கண்ணாடி வளையல், ஒன்றில் பச்சை. எது சிவப்பு? முதல் வாரம் உதட்டைப் பிதுக்கினார். பிறகு ஒருநாள் "இடது கை" என்றார். சரியான பதில்! துள்ளிக் குதித்தேன். மறுநாளும் சரி, அதற்கடுத்த நாளும் சரி. நத்தர்வலி தர்காவுக்குப் போய்ச் சர்க்கரை வைத்து பாத்திஹா ஓதிவிட்டு வந்தேன்.

இன்று குளித்துவிட்டு அவசரத்தில் வளையல்களைக் கை மாற்றிப் போட்டுவிட்டேன். நீட்டிய பிறகுதான் கவனித்தேன்.

"இடது கை" என்றார், பட்டென்று.

இடது கையில் பச்சை. இத்தனை நாளும் சிவப்பை நான் இடது கையிலேயே போட்டு வந்திருக்கிறேன், புத்தி கெட்டவள். அன்று குருட்டாம்போக்கில் சொன்னதற்கு நான் குதித்த குதியைப் பார்த்துவிட்டு, அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"சரிதானே வஹீதா?"

எனக்கா திட்ட வராது? ஒரு வசவும் வரவில்லை. "சரி மச்சான்" என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.