பரமேஸ்வரி அக்காவின் இடது கண்

காலைப் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறும்போது செய்தி வந்தது. பரமேஸ்வரி அக்கா பதுளை ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார். ஹாலிஎலப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடம் அவருக்கு அடுத்த நிரையில் கொழுந்தெடுத்தவள் நான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கூடை நிறுக்கும்போது தராசில் கை வைத்த கணக்கப்பிள்ளையிடம், "கைய எடுங்க தம்பி, கொழுந்த மட்டும் நிறுங்க" என்றவர் அவர். அன்று மலையே சிரித்தது.

இரண்டு வருடத்துக்கு முன், இடது பக்கத்துக் கொழுந்தை அப்படியே விட்டுவிட்டுப் போகத் தொடங்கினார். "ஓரத்துல நெழல் விழுது புள்ள, மின்னல் மாதிரி வெட்டுது" என்றார். அவர் ஏச்சு வாங்கக்கூடாதே என்று, விட்ட கொழுந்தை நானே கிள்ளி அவர் கூடையில் போட்டேன். அதனால் கண் பழுதானது மாதக்கணக்கில் வெளியே தெரியவில்லை. அந்தத் தவறு என்னுடையது, மறைக்கமாட்டேன்.

ஆனால் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரி ஐயாவிடம் அக்கா எதையும் மறைக்கவில்லை. மூன்று முறை போனார். மூன்று முறையும் அந்த ஐயா அக்காவின் கண்ணைத் திறந்துகூடப் பார்க்காமல் சொட்டு மருந்து கொடுத்தனுப்பினார். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதித் துண்டு கேட்டதற்கு, "வேலைக்குக் கள்ளம் பண்ண ஒனக்குக் கண்ணு ஒரு சாட்டா?" என்றார். துண்டில்லாமல் போனால் அன்றைக்குப் பெயர் விழாது, சம்பளமும் கிடைக்காது. அக்கா போகவில்லை.

பார்வை முழுதும் போன பிறகுதான் பதுளைக்குப் போனார். கண்ணுக்குள் புற்றுக்கட்டி என்றார்கள். கொழும்பில் கண்ணை எடுத்தார்கள். பிழைத்துவிட்டார் என்றிருந்தோம். இந்த வருடம் வயிறு வீங்கியது. "கண்ணையே எடுத்தாச்சே, அது வயித்துக்கு எப்புடிம்மா வந்துச்சு?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டார். எடுக்கும் முன்பே இரத்தத்தோடு ஈரலுக்குப் போயிருக்கும் என்றார் அவர். முன்னமே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் கேட்டேன். டாக்டரம்மா உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த உறுதி தேவையுமில்லை.

கடைசியாகப் பார்த்தபோது அக்கா சொன்னார்: "அந்த ஆளு என் சாவுக்கு வருவாரு. நல்லவரு மாதிரி நிப்பாரு. விட்றாத."

வந்தார். அடக்கத்தன்று வெள்ளைச் சட்டையோடு குழியோரம் நின்று கைப்பிடி மண் அள்ளினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, அக்கா மூணு தடவ வந்தப்பவும் அவங்க கண்ண தொறந்து பாக்கலன்னு இந்தச் சனத்துக்கிட்ட சொல்லுங்க. சொல்லிட்டுப் போடுங்க."

ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. அவர் கையை உருவிக்கொண்டார். மண்ணைக் கீழே விட்டுவிட்டு இறங்கிப் போனார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

அக்கா, நிம்மதியாகப் போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபத்தோடேயே போங்கள். அந்த டிஸ்பென்சரிக் கதிரையில் அவர் உட்கார்ந்திருக்கும்வரை நானும் ஆறமாட்டேன்.