மில் ஓடினால் கட்டாகும் லைன்

அவித்த நெல்லின் வாசனை மாடி ரூமுக்கு வந்துவிட்டால் மணி பத்து. அடுத்து பின்தெரு ரைஸ் மில் தடதடக்கும். அதற்கடுத்து என் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் போய்விடும்...

திருக்காட்டுப்பள்ளி வீட்டில் அப்போது நானும் அம்மாவும் மட்டும். வீட்டு பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். ஃபைல் எல்லாம் கீழே ஹாலில், பிரிண்டரோடு இருந்த பழைய கம்ப்யூட்டரில். நான் உட்கார்ந்து வரைவது மாடியில். மாடிப்படி வீட்டுக்கு வெளியே என்பதால், ரெண்டையும் இணைக்கும் கேபிளை ஹால் ஜன்னல் வழியாக வெளியே விட்டுச் சுவரோடு மேலே இழுத்திருந்தேன்.

சுவரில் ஓட்டை போட்டிருக்க வேண்டும்தான். பழைய காலத்துச் சுவர், ஒன்றரை அடி கனம்... அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

பாதி வரைந்துகொண்டிருக்கும்போது லைன் கட்டாகும். வரைந்தது சேவ் ஆகாது. அழாத குறைதான்.

பம்ப்செட் போட்டால் வீட்டில் லைட் மங்குவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். மில் மோட்டார் கரண்டை இழுக்கிறது, அதனால்தான் இப்படி என்று முடிவே கட்டிவிட்டேன். ஸ்டெபிலைசர் வாங்கினேன். நெட்வொர்க் ஸ்விட்சை மாற்றினேன். கேபிள் முனையை வெட்டிப் புது ஜாக் அடித்தேன். ம்ஹூம்...

ஒருநாள் மில் சத்தம் கேட்டதும் கீழே ஓடினேன். அம்மா ஹால் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே கேபிள் நசுங்கிக் கிடந்தது.

"ஏம்மா இத சாத்துற?"

"மில்லு ஓடுதுல்லப்பா... உமித்தூசி வந்து நெஞ்ச அடைக்குது."

"ஒரு வாரம் பொறுத்துக்கம்மா. கையில இருக்குற வேலைய முடிச்சுட்டு செவுத்துல ஓட்ட போட்டுடுறேன்."

"சரிப்பா. உன் வேல கெட வேணாம்."

ஒரு வாரம் ஏழெட்டு மாதமானது. லைன் கட்டாகவில்லை, அதனால் எனக்கு ஞாபகமே வரவில்லை.

அம்மா சாத்தாத ஜன்னலில் ஈரத்துண்டைக் கட்டித் தொங்கவிட்டாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே அரிசி புடைப்பாள். இருமல் மாடி வரை கேட்கும்.

நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வேன்.

நெஞ்சுச்சளி அம்மாவுக்குப் பழைய வியாதி, தூசி மட்டும் காரணமில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டுகிறேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

அம்மாவின் காரியம் முடிந்த மறுவாரம் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். டிரில்லரை வைத்து ஒரே அழுத்து. நான் கையில் வாங்கிய டீயைக் குடித்து முடிப்பதற்குள் கேபிளும் மாட்டியாகிவிட்டது. "அவ்வளவுதான் சார்" என்றார்.

அவ்வளவுதான்...

நேற்று நான் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நண்பர், வீட்டில் ரெண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே லைன் அடிக்கடி கட்டாகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். கேபிள் எங்கேயாவது நசுங்குதான்னு பாருங்க என்று பதில் போட்டேன். யார் எதுக்காகச் சாத்துறாங்கன்னும் கொஞ்சம் கேளுங்க என்று சேர்க்கத் தோன்றியது. அங்கே எழுத முடியவில்லை, இங்கே எழுதுகிறேன்.

இப்போதும் பத்து மணிக்கு அதே வாசனை, அதே தடதடப்பு. நான் இறங்கிப் போய் ஹால் ஜன்னலை இறுகச் சாத்திவிட்டு வருகிறேன். லைன் கட்டாவதே இல்லை. ஹாலில் துளி தூசி கிடையாது...

இருமல் சத்தமும் கிடையாது.