ஏழுமலை பிரித்துச் சொன்ன பூச்சிகள்

ஏழுமலை இறந்துவிட்டான். கோட்டைக்குப்பம் ஏழுமலை...

காலையில் நண்டு பிடிக்கப் பழவேற்காடு ஏரியில் இறங்கியவன், இடுப்பளவு தண்ணீரில் அப்படியே சாய்ந்துவிட்டானாம். நெஞ்சு வலி. நாற்பத்து மூன்று வயது. என் வயதுதான். 

என் பக்கத்தில் இதைப் படிக்கும் பலருக்கு அவனைத் தெரியாது. நான் போடும் அந்துப்பூச்சிப் படங்களில் பாதி அவன் காட்டியவை. திருப்பாலைவனத்தில் மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்யும் நான், லீவு நாளில் பூச்சி தேடிப் பழவேற்காடு போவேன். டச்சுக் கல்லறைச் சுவர் பக்கம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் முதலில் பேசினான்.

"எல்லாரும் கல்லத்தான் போட்டோ புடிப்பாங்க. நீ இன்னாப்பா வெறும் செவுத்தப் புடிக்கிற?"

பூச்சியைக் காட்டினேன். காய்ந்த இலை மாதிரி உட்கார்ந்திருந்தது. உற்றுப் பார்த்துவிட்டு, "உள்ள பாத்தியா?" என்றான்.

நண்டு பிடிக்கிறவர்கள் பழக்கம் அது. கையில் சிக்கியதை உடனே புரட்டிப் பார்ப்பார்கள். வயிற்று மடிப்பு குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். முதுகை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

பூச்சியையும் அப்படித்தான் பார்த்தான். ஈர்க்குச்சியால் மேலிறக்கையை லேசாகத் தொடுவான்... விருட்டென்று தூக்கும். உள்ளே பளீரென்று ஆரஞ்சு. "ஐயோ, கசங்கிடும்டா" என்று நான் கத்துவேன். ஒரு பூச்சிக்கும் ஒன்றும் ஆனதில்லை.

ஏரிக்கு இறங்கும் முன் இரவெல்லாம் விளக்கு எரியும் ஐஸ் கம்பெனிச் சுவரை ஒரு சுற்று பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணுவான். "நாலு உக்காந்துனுகீது, சீக்கிரம் வா." கடை இருக்கிறது என்றால், "அது பூச்சிக்குத் தெரியாதே" என்பான்.

அவன் மனைவி சிரிப்பாள். "நான் இன்னா கலர் பொடவ கட்டிகினுகீறேன்னு கேளுண்ணா, தெரியாது. பூச்சிக்கு எத்தினி புள்ளின்னா கரெக்டா சொல்லுவாரு."

போன மாதம், அந்தக் காய்ந்த இலைப் பூச்சிகளின் ஐந்து படங்களை எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, ஐந்தும் ஒரே இனம் என்று எழுதினேன். எல்லாமே அவன் காட்டிய பூச்சிகள்தான்; ஆனால் இறக்கை மூடிய படங்கள். ஏழுமலை வாய்ஸ் நோட் அனுப்பினான். "மூணு ஒன்னு. ரெண்டு வேற ஜாதி. உள்ள இருக்கிற கருப்பப் பாரு."

நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? "நண்டு பிடிக்கிறவன் கண்ணுக்கு எல்லாமே வேற வேறயாத்தான் தெரியும்." கூடவே ஒரு ஸ்மைலி. குரூப்பில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

அவன் குரூப்பை விட்டுப் போய்விட்டான். நான் போன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணவில்லை. திமிர்... வேறென்ன.

மூன்று வாரம் பேச்சே இல்லை. நேற்றுச் சாயங்காலம் அவனிடமிருந்து இரண்டு போட்டோ வந்தது. ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. இரண்டிலும் ஈர்க்குச்சி, தூக்கிய மேலிறக்கை. ஒன்றில் ஆரஞ்சுக்கு நடுவே உருண்டையாகக் கருப்புப் பொட்டு. இன்னொன்றில் வளைந்த கருப்புப் பட்டை.

பார்த்ததுமே புரிந்துவிட்டது. இரண்டும் வேறு இனம்.

ப்ளூ டிக் விழுந்திருக்கும். நான் பதில் போடவில்லை. காலையில் போன் பண்ணிச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். காலையில்!

இன்று எட்டு மணிக்கு அவன் நம்பரிலிருந்தே போன். எடுத்ததும், "சரிடா, நீ ஜெயிச்சுட்ட. ஒத்துக்கறேன்" என்றேன்.

அந்தப் பக்கம் அவன் மனைவி.

"அண்ணா... அவரு பூட்டாருண்ணா."

நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அதை அவளிடம் எப்படிக் கேட்பது?

அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். குரூப்பிலும் இதையே போடுகிறேன். அன்று சிரித்தவர்கள் எல்லாரும் படிக்க வேண்டும்.

ஏழுமலை... ரெண்டும் வேறதான்டா. நீ சொன்னதுதான் சரி. மன்னிச்சிடு.

போய் வா.