தொழில்: ஹவுஸ்வைஃப்

அடுத்தவர் வாழ்க்கையை ஆங்கிலக் கட்டங்களுக்குள் அடைத்துக் கொடுப்பதுதான் டைப்பிஸ்ட் வேலை, நீங்களும் ஒருமுறையாவது எங்கள் எதிரே கதிரையில் உட்கார்ந்து, "இதுல என்ன கேட்டிருக்கு?" என்று விழித்தவர்தானே.

முன்கூட்டியே நிரப்பியது

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடை. நேரம் மிச்சம் பிடிக்க முதலாளி கம்ப்யூட்டரில் ஆண்களுக்கொன்று, பெண்களுக்கொன்று என இரண்டு மாதிரிப் படிவங்கள் வைத்திருந்தார். பெண்களுடையதில், தொழில் என்ற கட்டத்தில் 'ஹவுஸ்வைஃப்' ஏற்கெனவே இருக்கும். பெயரையும் பிறந்த திகதியையும் மாற்றினால் போதும்.

சேர்ந்த வாரமே நான் அடிக்கிற தாளில் மட்டும் அந்தச் சொல்லை அழித்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் கேட்டு அடிக்கத் தொடங்கினேன். வரிசை வாசல்வரை நீண்டது. முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"கேள்வி கேக்கவா சம்பளம் தாறேன்? இன்னும் ஒரு ஆள் முறைப்பாடு சொன்னா நாளையிலருந்து நீங்க வர வேணாம்."

கொழுந்துக் கறை

மறுநாளே மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். எல்லாவற்றுக்கும் கணவரே பதில் சொன்னார். "ஹவுஸ்வைஃப்னு போடுங்க. எல்லாருக்கும் அதானே போடுவாங்க."

மனைவியின் கைகள் மேசையில் இருந்தன. விரல்களில் கொழுந்துக் கறை. "நீங்க சொல்லுங்கக்கா," என்றேன். முதலாளி பின்னாலிருந்து இருமினார். அந்தப் பெண் கணவரைப் பார்த்தார், பிறகு என்னை.

"நான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போறேன். ஆறு மாசமா வீட்ல இருக்குறது இவருதான். அவரு படிவத்துல வேணும்னா அதப் போடுங்க."

இடியப்பம்

கணவர் சிரித்துவிட்டார், தப்பினேன். அடுத்தமுறை அப்படியில்லை. தன் உம்மாவுக்கு வங்கிக் கணக்குத் திறக்க ஒருவர் அழைத்து வந்தார். அந்த உம்மா விடியற்காலையில் இடியப்பம் அவித்து நான்கு கடைகளுக்குக் கொடுக்கிறவர். 'உணவு தயாரிப்பவர்' என்று ஆங்கிலத்தில் அடித்தேன். "வீட்டுலதானே அவிக்கிறாங்க, இதென்ன புதுசா?" என்று மகன் தாளோடு நேரே முதலாளியிடம் போனார்.

முறைப்பாடு வந்தேவிட்டது. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உம்மா எழுந்து முதலாளியின் மேசையை எட்டிப் பார்த்தார். அங்கே பாதி சாப்பிட்ட இடியப்பப் பார்சல்.

"ஹவுஸ்வைஃப்னே போடுங்க. ஆனா நாளைக்கி இவர் இடியப்பத்துக்கு எங்க போவாரெண்டு கேட்டுட்டுப் போடுங்க, மகள்."

பறிக்காதையும்

அன்றும் வேலை போகவில்லை, அதன்பின் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. பேராதனையிலிருந்து வந்த யாழ்ப்பாணத்து அம்மா, "ஹவுஸ்வைஃப்" என்றார். அரச கந்தோரில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் என்பது அவர் தந்த கடிதத்திலேயே இருந்தது. அவரைக் கேட்காமலே 'ஓய்வுபெற்ற அதிகாரி' என்று அடித்து நீட்டினேன். வாசித்துவிட்டு என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"ஓம் பிள்ளை, அதிகாரியாய் இருந்தனான்தான். இப்பதான் வீட்டில இருக்கக் கிடைச்சிருக்கு. நீர் அதைப் பறிக்காதையும்."

என் படிவம்

போன மாதம் எனக்குக் கடவுச்சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. "நானே அடிச்சுத் தாறேன்," என்றார் முதலாளி, தாராளமாக. தாள் சூடாக வெளியே வந்தது. கிழமையில் ஆறு நாள் அவர் கடையில் விரல் தேயத் தட்டுகிறேன். இன்னும் கல்யாணமும் ஆகவில்லை. தொழில்: ஹவுஸ்வைஃப்.

"அட, அது தானா வந்திருச்சும்மா."

அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க மாதிரிப் படிவத்திலிருந்தே சொல்லை அழித்துச் சேமித்தேன். "வேலை வேணாமா உங்களுக்கு?" என்றார். "என்ன வேலைன்னு நீங்களே சொல்லுங்க முதலாளி, அடிக்கிறேன்," என்றேன். வரிசை முழுக்க அவரையே பார்த்தது.

"டைப்பிஸ்ட்னு போடுங்க. போட்டுட்டு அடுத்தவங்களக் கூப்பிடுங்க, ஆள் நிக்குது."

அந்தக் கட்டம் இப்போது காலியாகத்தான் திறக்கிறது. வரிசை பாலத்தைத் தாண்டினாலும் நான் கேட்டுத்தான் அடிப்பேன், ஆகவே வரும்போது குடையும் கொஞ்சம் பொறுமையும் கொண்டு வாருங்கள்.