தீர்த்தகிரி வீட்டு ஃபில்ட்டர்

ஆலங்காயத்துப் பாத்திரக்கடை தாண்டவராயனுக்குத் தீர்த்தகிரி நூற்று நாற்பது ரூபாய் கடன்பட்டிருந்தார்.

மலைமேல் அவர் வாழும் நெல்லிவாசல் நாட்டில் இதைச் சொல்லியிருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். தீர்த்தகிரி லேசுப்பட்ட ஆளா? அப்பன் விட்டுப்போனது ஒரு கொடுவாளும் பொத்தல் கம்பளியும்தான். அடுத்தவன் புளியைத் தலைச்சுமையாக இறக்கிக் கூலி வாங்கியவர், மரங்களைத் தானே குத்தகைக்கு எடுக்கும் அளவுக்கு வளர்ந்தார். ஊரில் முதல் ஓட்டு வீடு அவர் கட்டியது. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. ஆனால் புளியமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாரென்றால், எத்தனை மூட்டை தேறும் என்று சொல்லிவிடுவார். சொன்னது சொன்னபடி இருக்கும். படித்தவன் எவனாவது வந்து சொல்லட்டுமே, பார்ப்போம்!

அப்படிப்பட்டவர் கடன்பட்டது மகளுக்காக. அம்சவல்லியை ஆலங்காயத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளை கோபால் நம் சனம்தான். கீழே கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. அம்சவல்லி முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்ததும் தீர்த்தகிரியின் மனைவி மங்கம்மாள் தொட்டிலுக்கு உத்தரத்தில் கயிறே மாட்டிவிட்டாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே?

சம்பந்தியம்மா ஜெயம்மாள் மட்டும் தலையசைக்கவில்லை. போன மழைக்காலத்தில் மலைக்கு வந்து ஓடைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனவள் அவள்.

"உங்க வூட்டுச் சோத்த ஒரு கொற சொல்ல முடியாது அண்ணே," என்றாள். "ஆனா தண்ணி? ஐப்பசியில டீ கணக்கா இல்ல கீது! வவுத்துல புள்ளய வெச்சினு கீற பொண்ண அங்க எப்டி அனுப்பறது? தெளிஞ்ச தண்ணி ஒரு சொம்பு எனக்குக் குடுங்க. நான் குடிச்சிப் பாக்கறேன். அப்பறம் உங்க பொண்ணு, உங்க வூடு."

"கார்த்திக பொறந்ததும் வாங்க சம்பந்தி," என்றார் தீர்த்தகிரி, மீசையைத் தடவிக்கொண்டு. "சொம்புல வுட்டா சொம்போட அடி தெரியும். தீர்த்தகிரி வூட்டுத் தண்ணின்னா அப்டி இருக்கும்."

வாய் சொல்லிவிட்டது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது அவருக்கே தெரியாது. நேராகத் தாண்டவராயன் கடைக்குப் போனார்.

தாண்டவராயன் முதலில் ஒரு படத்தைக் காட்டினார். சுவரில் மாட்டுகிற பெட்டி. வாணியம்பாடியில் சொல்லி வைத்தால் வரவழைக்கலாம் என்றார்.

"இதுக்கு இன்னா வேணும்?"

"கரண்ட்டு வேணுங்க கவுண்டரே. கொழாத் தண்ணி வேணும்."

"ரெண்டும் எங்க ஊருக்கு வந்துட்டா நான் ஏன்யா உங்கிட்ட வர்றேன்? அடுத்தத எடு."

அடுத்தது பீங்கான் ஜாடி. பூப்போட்டு, குழாய் வைத்து, பார்க்க மணப்பெண் மாதிரி இருந்தது. விலையும் சகாயம். தீர்த்தகிரி அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"அழகுதான். ஆனா தலையில வெச்சி மலையேறணும். நடுவுல எவனாவது 'இன்னா மாமா சௌக்கியமா'ன்னு கேட்டு, நான் திரும்பினேன்னா போச்சி."

மூன்றாவது எவர்சில்வர். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. மேலடுக்குக்குள் வெள்ளைக் கல்லில் செய்தாற்போல இரண்டு குழல்கள் நிமிர்ந்து நின்றன. அதைக் கேண்டில் என்றார் தாண்டவராயன். மேலே ஊற்றும் தண்ணீர் அதன் வழியாகச் சொட்டிக் கீழடுக்கில் சேருமாம். தீர்த்தகிரி பலாப்பழத்தைத் தட்டுவதுபோல விரல்முட்டியால் அதைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். குழாயைத் திருகினார். கடைப்பையன்கள் சிரித்தார்கள், அவர் சட்டை செய்யவில்லை.

"இது உழைக்கும். எவ்ளோ?"

"இருநூறு."

மடியில் அறுபது இருந்தது. மீதிக்குப் புளி உலுக்கும்வரை தவணை. தாண்டவராயன் தாராளமாகத் தலையாட்டினார். தீர்த்தகிரிக்குத்தான் நெஞ்சில் முள் தைத்தது. ஆனாலும் நிமிர்ந்துகொண்டே வெளியே வந்தார்.

மலைப்பாதையில் ஆடு ஓட்டிவந்த குப்பன் அவர் தலையில் இருந்ததைப் பார்த்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டான். "எந்தக் கோயில் கலசம் மாமா?"

"எங்க வூட்டு அடுப்பங்கரைக் கோயிலு. வழி வுடு."

வீட்டில் மங்கம்மாள் மேல்மூடியைத் திறந்தாள். உள்ளே கைவிட்டுக் கேண்டிலைத் தடவினாள். சொரசொரவென்று இருந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னாங்க, தேத்தாங்கொட்ட தேய்க்கறதுக்குக் கல்லயும் வெச்சே குடுத்துக்கீறான்!"

கலங்கிய தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் சேறு அடியில் படியும், மேலே தண்ணீர் தெளியும். மலையில் எல்லார் வீட்டிலும் பானையின் உட்புறத்தில் தேய்ப்பார்கள். மழை வலுத்தால் ஒரு கொட்டைக்கு ஓடைத் தண்ணீர் அடங்காது, அதுதான் தொல்லை. இப்போது ஒன்றுக்கு இரண்டு கல்! தீர்த்தகிரி ஒரு கணம் யோசித்தார். கடைக்காரன் சொன்னது வேறு மாதிரி இருந்ததே? ஆனால் வாசலில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

"பின்ன இன்னா?" என்றார் உரக்க. "நம்ம முப்பாட்டன் செஞ்ச வித்தய டவுன்காரன் பாத்துட்டான். பாத்துட்டு, கல்லுக்கு ஒரு சட்ட தெச்சி விக்கறான். நம்ம சரக்கு நமக்கே இருநூறு ரூவா!"

கூட்டம் ஆமாம் என்றது. கொட்டை கொண்டுவந்து கொடுத்தவர்களும் உண்டு. மங்கம்மாள் தினமும் மேலடுக்கில் செந்தண்ணீரை ஊற்றி, இரண்டு கேண்டிலிலும் கொட்டையை மாற்றி மாற்றி உரைத்தாள். முதலில் நன்றாகத்தான் சொட்டியது. பிறகு சொட்டு மெலிந்தது. கார்த்திகை பிறந்து, ஜெயம்மாள் வரும் நாள் காலையில் குழாயைத் திறந்தால், வாயில் ஒரு துளி தொங்கியது. அது விழக்கூட இல்லை.

தீர்த்தகிரி ஃபில்ட்டரை ஓங்கித் தட்டினார். "ஏமாத்திட்டான்! ஓட்டக் குண்டான எந் தலையில கட்டிட்டான் தாண்டவராயன்!"

"ஓட்ட இருந்தா ஒழுகணுமே," என்றாள் மங்கம்மாள். "இது அடச்சினு இல்ல கீது?"

அவள் கேண்டிலைத் திருகி எடுத்தாள். கடையில் வெள்ளையாக இருந்தது, இப்போது கேழ்வரகுக் களியில் முக்கியெடுத்தாற்போல இருந்தது. அடியிலும் விரல் கனத்துக்குச் சேறு. தேங்காய் நாரை எடுத்து ஓரத்தில் ஒரு தேய் தேய்த்தாள். வெள்ளை தெரிந்தது.

"இது தேய்க்கற கல்லு இல்லீங்க. இது வழியாத்தான் தண்ணி எறங்குது. நாம வாய மூடிட்டோம்."

பேச நேரமில்லை. ஆளுக்கொரு கேண்டிலும் ஒரு பிடி நாருமாக முற்றத்தில் உட்கார்ந்து தேய்த்தார்கள். தீர்த்தகிரிக்கு முழங்கை வரைக்கும் சேறு. அந்தக் கோலத்தில் தலை நிமிர்ந்தால், எதிரே ஜெயம்மாளும் கோபாலும் நிற்கிறார்கள்!

"இன்னா அண்ணே, சம்பந்திக்கு விருந்துக்கு முள்ளங்கி கழுவறீங்களா?" என்றாள் ஜெயம்மாள்.

தீர்த்தகிரி வாயைத் திறந்தார். நல்ல பெரிய கதையாக ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் மங்கம்மாள் நடந்தது நடந்தபடி போட்டு உடைத்துவிட்டாள். கொட்டை உரைத்தது, ஊரைக் கூட்டிச் சொன்னது, கல்லுக்குச் சட்டை தைத்தது, எல்லாம். கோபால் மாமனாரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனான். ஜெயம்மாள் தரையில் உட்கார்ந்தே விட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"கல்லுக்கு சட்ட! அண்ணே, உங்க வாய்க்கு ஒரு சட்ட தெச்சிப் போடணும்!"

"சிரிங்க, சிரிங்க," என்றார் தீர்த்தகிரி. "தண்ணி வந்தப்பறம் நான் சிரிக்கறேன்."

மங்கம்மாளுக்கு அப்போதுதான் ஒரு யோசனை ஓடியது. முந்தின நாளே பானையில் கொட்டை உரைத்து வைத்த தண்ணீர் இருந்தது. சேறு அடியில் தங்கிவிட்டது. மேலே தெளிந்ததை மட்டும் அலுங்காமல் மொண்டு, கழுவி மாட்டிய கேண்டில் முழுகும்படி ஊற்றினாள். நால்வரும் ஃபில்ட்டரைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

டொக். ஒரு சொட்டு. எல்லாரும் மூச்சுவிட்டார்கள். டொக், டொக்.

சொம்பு நிறைய வேண்டுமே, அவசரப்பட்டால் ஆகுமா? மங்கம்மாள் சாமைச் சோறு வடித்தாள். கோபால் தூங்கி எழுந்தான். ஜெயம்மாள் தன் மாமியார் கதையைச் சொல்ல ஆரம்பித்து, மங்கம்மாளும் தன் மாமியார் கதையை எடுத்துவிட, இரண்டு பேரும் தோளில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். தீர்த்தகிரி மட்டும் சிரிக்கவில்லை. சொட்டும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். மகள் வருவாளா மாட்டாளா என்பது அந்தச் சத்தத்தில்தான் இருந்தது.

கடைசியில் குழாயைத் திறந்தார். சொம்பில் விழுந்த தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. சொம்பின் அடியில் சுத்தியல் தட்டிய தடம்தான் தெரிந்தது. ஜெயம்மாள் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். முகர்ந்தாள். அண்ணாந்து, நிறுத்தாமல், முழுவதையும் குடித்தாள். சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"எங்க வூட்டுத் தண்ணிய வுட இது நல்லாக்கீது அண்ணே. கொட்ட ஒரு காவலு, கேண்டில் ஒரு காவலு. ராசா வூட்டுப் பொண்ணுக்குக்கூட இப்டி இல்ல. காய்ச்சி ஆற வெச்சிக் குடுங்க, அது போதும். வளகாப்பு முடிஞ்ச கையோட உங்க மாப்ள கொண்டாந்து வுடுவான்."

மங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தீர்த்தகிரி அப்போதுதான் சிரித்தார். அந்தச் சிரிப்பு பக்கத்து ஊர்வரை கேட்டிருக்கும்.

தை மாதக் கடைசியில் அம்சவல்லிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம். ஒரு நாள் ஒரு பொழுது வயிற்றுவலி என்று யாரும் சொன்னதில்லை. ஊரில் எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தாலும் மங்கம்மாள் ஒரு குடம் ஃபில்ட்டர் தண்ணீர் கொடுத்தனுப்பினாள்.

பங்குனியில் மகளையும் பேத்தியையும் ஆலங்காயத்தில் கொண்டுவிட எல்லாரும் இறங்கினார்கள். புளி விற்ற காசு தீர்த்தகிரியின் மடியில் இருந்தது. எதிர்கொண்டு அழைக்க வந்த ஜெயம்மாள், "அண்ணே, எனக்கும் ஒண்ணு வேணும். நீங்களே பாத்து எடுத்துக் குடுங்க," என்று தாண்டவராயன் கடைக்கே கூட்டிப்போனாள்.

தீர்த்தகிரி வரிசையாக நின்றவற்றை ஒவ்வொன்றாகத் தட்டினார். கடைப்பையன்கள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஒன்றைத் தேர்ந்து, அம்சவல்லியின் கையில் இருந்த பேத்தியின் பக்கம் திருப்பிக் காட்டினார். குழந்தை பளபளப்பைப் பார்த்துக் காலை உதைத்தது.

"இதான். மொதலாளியே சொல்லிட்டா."

"இன்னா கவுண்டரே, பழைய பாக்கி?" என்று மெல்ல ஆரம்பித்தார் தாண்டவராயன்.

"கைய நீட்டுயா."

தாண்டவராயன் உள்ளங்கையை விரித்தார். ஜெயம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, "பாதி நான் குடுக்கறேன் அண்ணே, எம் பேத்தி குடிச்ச தண்ணிதானே," என்றாள். "நகருங்க சம்பந்தி," என்றார் தீர்த்தகிரி. எச்சில் தொட்டு, கடைத்தெருவே கேட்கும்படி உரக்க எண்ணி, பத்து ரூபாய்த் தாள்கள் பதினாலையும் ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்தார்.