மாமாவின் முகத்துக்குப் போன பஜ்ஜி மாவு

என் மகளுக்கு ஆறு வயது. போன ஞாயிற்றுக்கிழமை என் கைப்பேசியில் யாரோ ஒரு பெண் தயிரையும் தேனையும் குழைத்து முகத்தில் பூசிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் போடும்மா" என்று வந்து நின்றாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். வேறு யாராவது என்றால் பூசிவிட்டுச் சிரித்திருப்பார்கள். நான் முதலில் வேண்டாம் என்றேன். வேண்டாம் என்றால் அதையே நினைத்துக்கொண்டு திரிவாளோ என்று பயந்து, சரி என்றேன். தோல் அரித்துவிட்டால் என்ன செய்வது என்று பிறகு ஒரு சந்தேகம். முழங்கையின் உட்புறம் ஒரு பொட்டு வைத்து, கொஞ்ச நேரம் பொறு, பார்க்கலாம் என்றேன். அதற்குள் அவள் கிண்ணத்தில் இருந்த தயிரை நக்கித் தின்றுவிட்டுத் தெருவுக்கு ஓடிவிட்டாள்.

ஒரு கிண்ணம் தயிருக்கு இத்தனை யோசனையா என்று எனக்கே என்மீது எரிச்சலாக வந்தது. கிண்ணத்தைக் கழுவும்போது என் மாமாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு வாரம் எங்கள் வீட்டு அடுக்களையையே தின்று தீர்த்த முகம் அது.

நான் அப்போது நாலாம் வகுப்பு. மாமா, அம்மாவின் தம்பி. அவர்களுடைய அப்பா அம்மா போன பிறகு எங்கள் வீட்டிலேயே இருந்தார். சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில் கிணற்று மோட்டார் ரிப்பேர் பார்ப்பது அவர் தொழில். ஏற்கெனவே நல்ல கறுப்பு. வெயிலும் கிரீஸும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டிருந்தன. நிறம் கம்மி என்று சொல்லி இரண்டு பெண் வீட்டார் அவரைத் தட்டிக் கழித்திருந்தார்கள். அதை மாமா அடுத்த நாளே மறந்துவிட்டார். அம்மாதான் மறக்கவில்லை.

மூன்றாவது இடம் வாசுதேவநல்லூரில் அமைந்தபோது அம்மா உஷாராகிவிட்டாள். மாமாவுக்கு அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டு ஸ்டுடியோவுக்கு இழுத்துப் போனாள். "கொஞ்சம் பார்த்துப் போடுங்க தம்பி" என்று ஸ்டுடியோக்காரரிடம் சொன்னாளாம். அவர் ரொம்பவே பார்த்துப் போட்டுவிட்டார். படத்தில் இருந்தவர் ரோஸ் நிறத்தில், சிவந்த உதட்டோடு, அருவி வரைந்த திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மீசை மட்டும் மாமாவுடையது.

அப்பா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "பையன் நல்லா இருக்கானே, யாரு இது? பேசாம இவனுக்கே பொண்ணு பாத்துருவோமா?" என்றார்.

அம்மா படத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

பெண் வீட்டாருக்குப் படம் பிடித்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறோம், மாப்பிள்ளையையும் பார்த்துவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போதுதான் அம்மாவுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. படத்தை மாமாவைப் போல ஆக்க இனி வழியில்லை. எனவே மாமாவைப் படத்தைப் போல ஆக்குவது என்று முடிவு செய்தாள்.

வார இதழ்களில் வரும் அழகுக் குறிப்புகளை அம்மா வெட்டி அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தாள். அவற்றை உரக்கப் படிப்பது என் வேலை. கலக்குவது அம்மா. மாமா சாயங்காலம் வந்து வண்டியை நிறுத்தினால் போதும், கை காலைக் கழுவ வைத்துப் பின்வாசல் படியில் உட்கார்த்திச் சுவருக்குச் சிமெண்ட் பூசுவதுபோல் அப்புவாள். ஒருநாள் கடலை மாவும் பாலாடையும். ஒருநாள் தக்காளிச் சாறும் சர்க்கரையும். அன்றைக்கு எறும்புகள் வரிசை கட்டி வந்தன. ஒருநாள் உருளைக்கிழங்கைத் துருவி வைத்தாள். அது நழுவி நழுவி மடியில் விழ, மாமா எடுத்து எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

"யக்கா, நான்தான் மோட்டார் ரிப்பேர் பாக்கேன். என்னைய எதுக்குக்கா ரிப்பேர் பாக்கே?"

"வாயத் தொறக்காதல. காஞ்சது பூரா வெடிக்கி."

"மூக்குல போயிட்டுக்கா."

"போனா போகட்டும். உள்ளயும் வெளுக்கட்டும்."

சாப்பாட்டில் ரசம் வரைக்கும் வந்துவிட்டு, "தயிர எங்க?" என்று அப்பா கேட்டார்.

"உங்க மச்சினன் மூஞ்சில இருக்கு" என்றாள் அம்மா.

அப்பா ரசத்தோடு முடித்துக்கொண்டு கை கழுவப் போனார்.

எனக்கும் அதைப் பூசிக்கொள்ள வேண்டும் என்று ஆசை. குளிர்ச்சியாக இருக்கும், பேய் மாதிரி இருக்கும், எல்லாரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். தினமும் கேட்டேன். தினமும் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரே பதிலைச் சொன்னாள்: "ஒனக்கெதுக்குட்டி? நீ நல்லாத்தான இருக்கே. போ, போய்ப் படி." எனக்கு அழுகையாக வந்தது. நன்றாக இருப்பதற்கு இப்படி ஒரு தண்டனையா என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒரு குறிப்பில் முல்தானி மட்டி என்று இருந்தது. வீட்டில் அது இல்லை. அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு சாமி அலமாரியில் இருந்த டப்பாவை எடுத்தாள். அதில் கோமதியம்மன் கோயில் புற்றுமண் இருந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் அதுதான் பிரசாதம். சொறி, சிரங்கு, தேமல் எதுவென்றாலும் தண்ணீரில் குழைத்துப் பூசுவார்கள்.

"முல்தானி மட்டின்னாலும் மண்ணுதான. இது அம்மன் மண்ணு. அதவிட ஒசத்தி" என்றாள். ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தயிரில் கலக்கிவிட்டாள்.

பூசியதுபோக மீந்ததைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, வாசலில் எறியவும் கூடாது, அம்மன் மண்ணைக் கால் மிதிக்கக் கூடாது. அதனால் கிண்ணத்தோடு கொண்டுபோய்ப் பின்பக்கத் தென்னை மரத்தடியில் கொட்டச் சொன்னாள். அதுவும் என் வேலைதான். தென்னைக்குக் கிடைக்கிறது, எனக்குக் கிடைக்கவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டே கொட்டினேன்.

சனிக்கிழமையும் மாமா அதே மாமாவாகத்தான் இருந்தார். ஸ்டுடியோப் படத்தை அவர் காதருகே பிடித்துப் பார்த்துவிட்டு அம்மா உதட்டைக் கடித்தாள். கடைசி முயற்சியாக வீட்டில் இருந்த மிச்சக் கடலை மாவு, புற்றுமண், தயிர் எல்லாவற்றையும் கலந்தாள். விருந்தாளிகளுக்குப் பஜ்ஜி போட வைத்திருந்த மாவு அது. "ஒரு சிட்டிகை மஞ்சள்" என்று நான் படித்தேன்.

"சிட்டிகையா? சிட்டிகைக்கெல்லாம் இவன் மசிய மாட்டான்" என்று சாம்பாருக்குப் போடும் மஞ்சள்தூளை ஒரு கரண்டி அள்ளிப் போட்டாள்.

மாமா அன்று ராயகிரிப் பக்கம் கிணற்றில் இறங்கி மோட்டாரைத் தூக்கிவிட்டு வந்திருந்தார். பூசி முடித்ததும் அப்படியே பாயில் சாய்ந்தவர் தூங்கிப்போனார். யாரும் எழுப்பவில்லை. கூடுதல் நேரம் இருந்தால் கூடுதலாக வெளுக்கும் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும்.

காலையில் கழுவிவிட்டு வந்து நின்றார். முகம் எலுமிச்சம்பழ மஞ்சளில் இருந்தது. கழுத்துக்குக் கீழே கறுப்பு.

"அடப் பாவி" என்று அம்மா அவரைத்தான் திட்டினாள். துவைகல்லில் கிடந்த துணி சோப்பை எடுத்துக் கொடுத்து நன்றாகத் தேய்க்கச் சொன்னாள். மாமா தேய்த்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் முகம் செங்கல் நிறத்துக்கு மாறியது. ஆரத்தித் தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் நெற்றியும் கன்னமும் காதும் சிவந்து நின்றன. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். சோப்பு சேர்ந்தாலும் அதுதான் ஆகும் என்று அந்த அவசரத்தில் அம்மாவுக்குத் தோன்றவில்லை.

"யக்கா, என்ன ஆச்சு? எரியுது."

"ஒண்ணும் ஆவல. அசையாம நில்லு." அம்மா எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்த்தாள். சிவப்பு மறுபடியும் மஞ்சளானது. அதோடு நின்றுகொண்டது. ஒரு வாரமாக எந்த நிறத்தை விரட்டு விரட்டு என்று விரட்டினாளோ, அதையே திரும்ப வரச் சொல்லி அம்மா இப்போது கோமதியம்மனை வேண்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெண்ணின் அப்பாவும் பெரியம்மாவும் இறங்கினார்கள். அப்பா "வாங்க அண்ணாச்சி" என்று கூட்டிவந்து உட்கார வைத்தார். மாமாவை எதிரே உட்கார வைத்தார்கள். பெரியம்மா தன் பையில் இருந்து படத்தை எடுத்தாள். படத்தைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"போட்டோல வேற மாதிரில்லா இருந்தாவ."

"வெயில்ல அலையுதான்லா மதினி, அதான்" என்றாள் அம்மா.

"வெயில்ல அலைஞ்சா கறுக்கத்தான செய்யும்? மஞ்சளாவா ஆவும்?"

பெண்ணின் அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "தம்பி, மறைக்காமச் சொல்லணும். மஞ்சக்காமாலையா?" என்று கேட்டார்.

அம்மா காபித் தட்டைப் பிடித்தபடி முழித்தாள். நிறம் கம்மி என்பது ஒரு குறை. காமாலை என்று பேர் வந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் வேறு எந்த வீட்டிலும் பெண் கேட்க முடியாது. அது எனக்கே தெரிந்தது. மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்றாள்.

"இல்ல மாமா" என்றார் மாமா. "மஞ்சத்தூளு. எங்கக்கா பூசிவிட்டா. போட்டோல ஸ்டுடியோக்காரரு பூசிவிட்டாரு. நான் கறுப்புதான்."

பெண்ணின் அப்பா எழுந்து வந்து, கட்டைவிரலால் மாமாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல் இருந்தது. "கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, "எங்க கிணத்து மோட்டாரு தண்ணி எடுக்காம உறுமிக்கிட்டே கெடக்கு. என்னவா இருக்கும்?" என்றார்.

மாமாவுக்குத் தன் முகம் மறந்துபோனது. எத்தனை குதிரைத்திறன், எந்த ஆழம், கடைசியாக யார் கழற்றியது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். காபி ஆறியது. பஜ்ஜி இல்லாத குறையை யாரும் கவனிக்கவில்லை. கிளம்பும்போது பெண்ணின் அப்பா, "வெயிலு படாத மாப்பிள்ளைய வச்சி நான் என்ன செய்ய? தை மாசம் வச்சிக்கிடுவோம்" என்றார்.

பெரியம்மாவுக்கு அவ்வளவு திருப்தி இல்லை. டம்ளர்களை எடுக்க வந்த என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"உங்க மவளா மதினி? களையான புள்ள. நெறந்தான் அப்படியே மாமன். இப்பமே ஏதாவது போட ஆரம்பிச்சிருங்க. நாளைக்கு நீங்க இப்படித் தட்டப் பிடிச்சிக்கிட்டு முழிச்சிக்கிட்டு நிக்கக் கூடாதுல்லா."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். கிணற்றுக்குள் கயிறு பிடித்து இறங்கும் மாமாவைப் போல இருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பெருமை இல்லாமல் என்ன?

அவர்கள் போனதும் வீடே கலகலவென்று ஆனது. அப்பா ஸ்டுடியோப் படத்தை எடுத்து, "சரி மாப்ள, இந்தப் பையனுக்கு இனி யாரப் பாக்க?" என்று மாமாவைச் சீண்டிக்கொண்டிருந்தார். அடுக்களையில் சனிக்கிழமைக் கிண்ணம் அப்படியே இருந்தது. அடியில் கொஞ்சம் கலவை மீந்திருந்தது. வழக்கம்போல் அதை எடுத்துக்கொண்டு தென்னையைப் பார்க்க நடந்தேன்.

"ஏட்டி, கொட்டாத. இங்கன கொண்டா."

"ஏம்மா?"

"அம்மன் மண்ணுலா. வீணாக்கக் கூடாது. இப்படி உக்காரு."

மாமா உட்காரும் அதே படியில் என்னை உட்கார வைத்தாள். கலவை இறுகிப்போயிருந்தது. கொஞ்சம் பால் விட்டு விரலால் குழைத்தாள். மாமாவுக்கு அப்பியதுபோல் அப்பவில்லை. நெற்றியிலிருந்து தொடங்கி, மூக்கின் ஓரம், காதின் பின்பக்கம் என்று ஓரிடம் விடாமல் மெதுவாகப் பூசினாள். முகம் இறுக இறுக எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"நல்லா இருக்கேனாம்மா?"

"பேசாத. வெடிச்சிரும்."

நான் பேசவில்லை. மாமாவைவிட அதிக நேரம் அசையாமல் இருந்து காட்ட வேண்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஒரு வாரம் அழுது கேட்டுக் கிடைக்காதது, கேட்காமலே கிடைத்துவிட்டது. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அம்மா கூப்பிட்டாள். அதற்கு மறுநாளும் கூப்பிட்டாள். நான் ஓடி ஓடிப் போய் உட்கார்ந்தேன். நீ நல்லாத்தான இருக்கே என்று அம்மா அதன்பிறகு ஒருநாளும் சொல்லவில்லை என்பதும், மிச்சத்தைக் கொட்டுவதற்குத் தென்னை மரம் எங்களுக்கு எதிரே அப்படியேதான் நின்றுகொண்டிருந்தது என்பதும் அன்று எனக்குத் தோன்றவே இல்லை.