சிலுப்பாத சேவல்

சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலின் காலில் பிளேடு வைத்தவள் நான்தான். அதனால் ஒருத்தி வாழ்விழந்து போனபோது வாயை மூடிக்கொண்டு நின்றவளும் நான்தான்!

முதலாவதற்கு நான் வருந்தவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்தால், இப்போதே எழுந்து போய்விடலாம்.

அந்த வருடம் புளி உலுக்க ஏறிய என் கணவர் மரத்திலிருந்து விழுந்தார். பிழைத்தால் சேவல் அறுப்பதாக என் மாமியார் அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். கணவர் இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தார். அந்த இரண்டு மாதமும் என் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள் என் ஓரகத்தி பூங்காவனம், கொழுந்தனின் மனைவி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்க முயன்று தோற்றது இதைத்தான்.

கணவர் எழுந்து நடமாடத் தொடங்கினார். சிவப்புச் சேவல் ஒன்றை நேர்ந்துவிட்டு, பஞ்சாரக் கூடைக்குள் தனியே கவிழ்த்தோம். அறுக்கும் நாள்வரை அதன்மேல் இரும்பு படக்கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு.

சேவலுக்குக் காலில் ஆணி வந்தது. உள்ளங்கால் வீங்கி, நடுவில் கறுப்பாய்ப் பொருக்குக் கட்டிவிட்டது. மாமியார் அதற்குத் திருநீறு பூசினார்.

“ஆத்தா பாத்துக்குவா, வுடுடி” என்றார்.

ஆத்தா பார்த்தாளோ என்னவோ, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்... சேவல் ஒற்றைக் காலில் நின்றபடியே தூங்கியது. கம்பு தானியத்தைப் போட்டால் கொத்தவில்லை. கிட்டே போனால் சீழ் நாற்றம். ஓர் உயிரை உயிரோடு அழுகவிட்டுக் கொண்டுபோய்ப் படைப்பதற்குப் பெயர் பக்தியா? நீங்களே சொல்லுங்கள்!

எல்லோரும் சாமைக்குக் களையெடுக்கப் போன ஒரு முற்பகலில், சேவலைத் துணியில் சுற்றி மடியில் வைத்தேன். உப்பும் மஞ்சளும் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்தேன். பொருக்கு இளகியதும் கொதிநீரில் போட்டெடுத்த புது பிளேடால் ஓரத்தைக் கீறி, மெல்லப் பிதுக்கினேன். கெட்டித் தயிர்போல உள்ளிருந்து வந்தது. மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்து அப்பி, மேலே திருநீற்றைப் பூசி மறைத்தேன். மண்ணில் சிந்திய இரத்தத்தைச் சாணி போட்டு மெழுகினேன்.

அதன்பின் தினமும் யாரும் இல்லாத நேரத்தில் மஞ்சள் தண்ணீர்தான். மிச்சத்தை அதன் முதுகில் ஊற்றிவிடுவேன், பேன் போகட்டும் என்று. முதல் இரண்டு நாள் உடம்பைச் சிலுப்பியதில் என் முகமெல்லாம் தெறித்தது. பத்தாம் நாள், சொம்பைக் கண்டதுமே காலைத் தூக்கி நீட்டியது! எனக்கு அப்படி ஒரு பெருமை. மாமியாருக்கும் பெருமைதான், திருநீறு வேலை செய்ததென்று.

பூசை நாள் வந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மஞ்சள் தண்ணீரை ஊற்றினால் சேவல் உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று பொருள்.

பூசாரி ஊற்றினார். சேவல் கண்ணை மூடிக்கொண்டது. இரண்டாம் முறை ஊற்றினார். அசையவில்லை. மூன்றாம் முறை... அது அந்தக் காலைத் தூக்கி, சொம்பை நோக்கி நீட்டியது.

கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும், அது ஏன் நீட்டுகிறதென்று. சிரிப்பு வந்தது என்றால் நம்புவீர்களா? சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“இன்னாமோ கொற இருக்குது. யாரோ தீட்டோட வந்துகீறாங்க” என்றார் பூசாரி.

எல்லார் கண்களும் பூங்காவனத்தின் மேல் திரும்பின. அவள் விலகியிருந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

“சத்தியமா இல்ல அத்த! எம் புருசன் மேல ஆணையா இல்ல!”

“சாமியே காட்டிக் குடுத்துட்ச்சு. இன்னும் இன்னாடி பொய் சத்தியம்?” என்றார் மாமியார்.

பூங்காவனம் என்னைப் பார்த்தாள். நான் சேவலைப் பார்த்தேன்.

ஏன் பேசவில்லை? பேசியிருந்தால் துணிமூட்டையோடு படியிறங்கியிருப்பவள் நான்! என் கணவருக்கு ஒரு தலைவலி வந்தாலும் என் தலையில்தான் விடிந்திருக்கும். எனக்கு இரண்டு பிள்ளைகள், அவளுக்கு இல்லை. இப்படியெல்லாம் கணக்குப் போட்டேனா என்றால், ஆமாம், போட்டேன். என் இடத்தில் நின்றால் நீங்கள் மட்டும் என்ன செய்திருப்பீர்கள்?

அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வருடத்துக்குள் கொழுந்தன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அம்மன் வேண்டாமென்ற சேவலை அறுக்காமல் விட்டுவிட்டு, வேறு சேவல் வாங்கினோம். அது முதல் சொட்டிலேயே சிலுப்பியது. சிலுப்பாதா பின்னே? அதை யாரும் குளிப்பாட்டிப் பழக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து ஜமுனாமரத்தூர் சந்தையில் பூங்காவனத்தைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். கூடையில் ஒரு பெட்டைக்கோழி, விலைபோகாமல் இருந்தது. அதன் காலில் ஆணி.

“இதுக்கு இன்னாக்கா பண்றது?” என்று கேட்டாள், நடுவில் ஒன்றுமே நடக்காதது போல.

என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது. “தெனமும் மஞ்சத்தண்ணியில கால ஊற வையி. முதுவுலயும் ஊத்தி வுடு. மொத ரெண்டு நாளு சிலுப்பும். அப்பறம் பழகிடும்...”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். காலம் கடந்துவிட்டது.

“பழகிட்டா சிலுப்பாதாக்கா?”

சுற்றிலும் சந்தை இரைந்துகொண்டிருந்தது. தடுக்க மாமியார் இல்லை, பூசாரி இல்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்...

“அது கோழிக்குக் கோழி மாறும்” என்றேன்.

அவள் கோழியைத் தூக்கி, அதன் காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு கோழியைக் கூடையில் வைத்து மூடினாள்.

“அந்தச் சேவலு அப்பறம் நல்லா நடந்துச்சாக்கா?”

“மூணு வருசம் நல்லா நடந்துச்சு” என்றேன்.

அந்தச் சேவலைப் பற்றி அவளிடம் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.